பகலில் வந்தவர்கள்

வெள்ளப் பருவம், மூன்றாம் மாதம், 4

தலைமைப் பூசாரி பாசெர் கூப்பிட்டனுப்பினார். மன்னர்களின் பள்ளத்தாக்கில் திருட்டுப் பயம் அதிகமாகிவிட்டதாம். பழைய மன்னர் ஒருவரின் உடலைப் பத்திரமான குகைக்கு மாற்றப் போகிறார்கள். "புதுத் துணியில நீதான் ராஜாவைச் சுத்தணும்," என்றார். ஆமுன் கோயிலில் இறந்தவர்களுக்குத் துணி சுற்றும் எனக்கு இதைவிட என்ன வேண்டும்? வழியில் வாத்து விற்பவனிடம்கூடச் சிரித்தேன்.

9

கல்லறைக்குள் போய்ப் பெட்டியைத் திறந்தோம். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொன்று. கடைசிப் பெட்டி முழுக்கப் பொன்தகடு. ஒரு கீறல் இல்லை! எந்தத் திருடனும் தொடவில்லை. மண்டியிட்டு அழுதேன்.

10

எழுதவே கை வரவில்லை.

காலையில் பாசெரின் ஆட்கள் மரம் செதுக்கும் வாய்ச்சியோடு வந்தார்கள். பெட்டியின்மேல் இருந்த மன்னரின் பொன்முகத்திலிருந்து தொடங்கினார்கள். தகடு வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது.

"ஐயா, என்ன பண்றாங்க இவங்க?"

"பத்திரப்படுத்துறோம். கஜானா காலி. படைக்கு யாரு கூலி குடுப்பா?"

"என் மச்சினன் பயாய் இதைத்தானே செஞ்சான்? போன வருஷம் நீங்கதானே அவனைக் கழுவுல ஏத்தினீங்க?"

பாசெர் கோபப்படவில்லை. அதுதான் என்னை உலுக்கிவிட்டது. "அவன் ராத்திரில வந்தான்யா. நாம பகல்ல வந்திருக்கோம்," என்றார். ஆட்கள் சிரித்தார்கள்.

பயாயின் அலறல் ஆற்றுக்கு அக்கரைவரை கேட்டதே — அது எதற்கு? எதுக்குடா கொன்னீங்க அவனை?

11

மன்னரின் துணியைப் பிரித்து நகைகளை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். நான்தான் எடுத்தேன். வளையல், மோதிரம், கழுத்தாரம். கடைசியாக நெஞ்சின்மேல் பச்சைக்கல்லில் செதுக்கிய வண்டு — தீர்ப்பு நாளில் இதயத்தைக் காக்கிற கல். அதுவும் போனால் அங்கே அவர் என்ன செய்வார்?

"அவ்வளவுதானா?" என்றார் பாசெர்.

"அவ்வளவுதான் ஐயா."

கல்லின்மேல் அதற்குள் புதுத்துணி ஏறியிருந்தது.

12

தாபேக்கிடம் சொன்னேன். என் மனைவி, பயாயின் அக்கா. அழுவாள் என்று நினைத்தேன். மாவு பிசைந்த கையோடு அப்படியே நின்றாள்.

"அப்ப என் தம்பி பண்ணின தப்பு, கூட ஆளுங்களைக் கூட்டிட்டுப் போகாததுதானா?"

பிறகு, "நீங்களும் எடுத்தீங்களா?"

ஆமாம் என்றேன். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விதைப்புப் பருவம், முதல் மாதம், 2

அடுத்த மன்னரின் பெட்டியைத் திறக்க வரச்சொல்லி பாசெரிடமிருந்து ஆள் வந்தது. வரமாட்டேன் என்று சொல்லியனுப்பினேன். மதியத்துக்குள் கோயில் வேலை போயிற்று.

15

செருப்புத் தைப்பவர் ஒருவரின் தாய்க்குத் துணி சுற்றினேன். தாபேக் பக்கத்தில் உட்கார்ந்து பழைய துணியைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தாள். கிழவியின் கழுத்தில் ஒரே ஒரு களிமண் மணி.

"இதைக் கழட்டிடவா?" என்று மகன் கேட்டார்.

"வேணாங்க. அது அவங்களுது."