சீகைக்கு விட்ட வெந்நீர்

நாள் 372, காலை 7.10
செவ்வாய்க் கிரகம், ஏழாம் ஆண்டு (இங்கே வருடத்துக்கு 668 நாள்), வேங்கைக் கூடாரம். பதிவு: செண்பகவடிவு. காற்றழுத்தம் சரி. மண் ஈரம் சரி. ஆறு வருடத்தில் என் வேங்கைகள் இடுப்பளவு. வேரிலிருந்து தானாகக் கிளம்பிய கன்றுகள் நான்கு.

பக்கத்துக் கூடாரத்தில் பெர்னதெத்தின் சீகை. கொடைக்கானல்காரி. சீயக்காய்க் கொடி இல்லை; எங்கிருந்தோ வந்து அவள் ஊர் மலையையே வளைத்துப்போட்ட வாட்டில் மரம் அது. மூன்றே வருடத்தில் கூரையைத் தொடுகிறது. தானாக ஒரு கன்றுகூட முளைக்கவில்லை. நல்லது.

நாள் 380, பகல் 12.00
பூமியிலிருந்து: “தண்ணி ஒரு கூடாரத்துக்குத்தான் காணும். நானூறாம் நாள் எண்ணுவோம். தானா முளைச்ச கன்னு எதுல அதிகமோ, அதுக்குத்தான் தண்ணி. பெர்னதெத், உங்க சீகைப் பூ படம் பிரமாதம்மா!”

என் நான்கு கன்றுகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பூவாம் பூ!

நாள் 381, காலை 9.15
பெர்னதெத்திடமிருந்து ஒன்பதாவது செய்தி. திறக்கவில்லை. முந்தைய எட்டையும் திறக்கவில்லை. அவள் பீற்றலைக் கேட்க எனக்கு நேரமில்லை.

நாள் 384, பகல் 1.40
அவள் மண்ணில் எள்ளைக் கொட்டினாற்போல விதை கிடக்கிறது. முளைத்துவிட்டால்? இரண்டு கூடாரத்துச் சுடுநீர் வால்வும் என் பொறுப்பு. அவள் சாப்பிடப் போன நேரம் திறந்துவிட்டேன். கொதிக்கக் கொதிக்க, ஐந்து நிமிடம். அவிந்து தொலையட்டும். இதைப் படிக்கிறவர் என்னைக் காறித் துப்பலாம்.

நாள் 393, காலை 6.55
சீகை முளைத்திருக்கிறது. கண்ணாடி வழியே எண்ணினேன். இருநூறோடு விட்டுவிட்டேன். எப்படி?

நாள் 400, காலை 10.00
பூமியிலிருந்து: “சீகை ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு. வேங்கை நாலு. செண்பகவடிவு, வேங்கைக்குத் தண்ணிய நிறுத்திடுங்க.”

10.05
பெர்னதெத், ரேடியோவில்: “பதிலே காணோம்னு நெனச்சேன்க்கா. கேட்டத செஞ்சுட்டீங்களே! உங்க மனசு யாருக்கு வரும்?”

என்ன கேட்டாள்?

10.20
அவளுடைய முதல் செய்தியைத் திறந்தேன். நாள் 340.

“அக்கா, இந்த வெதத் தோலு கல்லு மாதிரி. எங்க ஊரு நர்சரில கொதிக்கிற தண்ணிய ஊத்தித்தான் மொளைக்க வைப்போம். வால்வு உங்ககிட்டதானே இருக்கு. ஒரு அஞ்சு நிமிஷம் தொறந்து விடுங்கக்கா. இல்லேன்னா ஒண்ணுகூட மொளைக்காது.”

10.40
சும்மா இருந்திருந்தால் போதும். நான்குக்குப் பூஜ்யம்.

11.00
வேங்கையின் நீர் வால்வும் என் பொறுப்புதான். கையை வைத்துவிட்டேன். இன்னும் திருகவில்லை. ஐந்தாவதாக ஒரு கன்று, இப்போதுதான் மண்ணைப் பிளந்து தலை நீட்டுகிறது.