எதிர்ப்புரோட்டானின் குழி

11 நவம்பர், திங்கள்
கணினி இன்றும் மானத்தை வாங்கியது. அணுக்கருவில் புரோட்டான் விழுந்து கிடக்க வேண்டிய ஆற்றல் குழியைப் போல என் கணக்கில் வரும் குழி பத்து மடங்கு ஆழம். இப்படி ஓர் அணுக்கரு எங்கேயும் கிடையாது. 22ஆம் தேதி பிஎச்.டி. ரிவ்யூ. இந்த முறையும் வெறுங்கையோடு போனால் ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் பழனிக்கு வந்து நம் பஞ்சாமிர்தக் கடையில் உட்காருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

13 நவம்பர், புதன்
மழை. கரண்ட் இல்லை. சோறு இறங்கவில்லை.

14 நவம்பர், வியாழன்
மறுபடி முதலிலிருந்து படித்தேன். அணுக்கருவுக்குள் புரோட்டானை ஒரு பெரிய விசை இழுக்கிறது. கிட்டத்தட்ட அதே அளவு பெரிய விசை ஒன்று தள்ளுகிறது. இரண்டும் அடித்துக்கொண்டு மிச்சம் வைக்கும் கொஞ்சத்தில்தான் அணுக்கருவே நிற்கிறது. சம்பந்தமில்லாத இரண்டு ஆற்றல் மட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து ஜோடியாக நிற்பதும் அதனால்தான். பல வருடம் யாருக்கும் புரியாத ஜோடி; இந்த ஒழுங்கைத்தான் சமச்சீர் என்கிறோம். சார்பியல் சமன்பாட்டில் எழுதினால் காரணம் தானாக வந்து நிற்கிறது. என்ன அழகு! இதை விட்டுவிட்டா போவது?

15 நவம்பர், வெள்ளி
கடைசியில் சத்தியபிரியாவிடம் காட்டிவிட்டேன். என்னோடு சேர்ந்தவள், பக்கத்து மேசை, மன்னவனூர்க்காரி. அதற்குள் பேப்பர்கள் போட்டுவிட்டாள். அதனாலேயே இத்தனை நாள் காட்டவில்லை. சிரிப்பாள் என்று நினைத்தேன். என் ஆற்றல் மட்டங்களின் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஏ புள்ள, இதுல வேற ஜோடில்ல சேர்ந்திருக்கு! எம்புட்டுச் சுத்தமா இருக்கு பாரு. தள்ளுற விசைக்கு என்ன குறி போட்ட?"

பார்த்தோம். மைனஸ். தள்ள வேண்டியதை இழுக்க வைத்திருக்கிறேன். நேற்றுதான் இங்கே அதைப் புகழ்ந்து தள்ளியிருக்கிறேன்!

"அப்ப இது புரோட்டானே இல்ல. எதிர்ப்புரோட்டான், அதோட எதிர்த்துகள். அதுக்கு ரெண்டு விசையும் இழுக்கத்தான் செய்யும். நம்ம சமச்சீர்தான், அந்தப் பக்கம் போனா இந்த ஜோடியாத் தெரியுது" என்றாள்.

பொறாமை இல்லை என்று எழுதினால் பொய். ஆனாலும் என்ன கண் அவளுக்கு! நான் குப்பையில் போட இருந்ததில் அவளுக்கு முதலில் தெரிந்தது அதன் ஒழுங்கு.

18 நவம்பர், திங்கள்
குறியை மாற்றினேன். குழி சரியான ஆழத்துக்கு வந்தது, ஜோடிகளும் வந்தன — கொஞ்சம் இடைவெளியோடு. "பழசத் தூக்கிப் போட்டுறாத. ரெண்டையும் காட்டு" என்கிறாள் சத்தியபிரியா. தப்பையா? அத்தனை பேர் முன்னாலா?

22 நவம்பர், வெள்ளி
காட்டினேன். குறியைத் தவறாகப் போட்டேன் என்றே ஆரம்பித்தேன்.

ரிவ்யூவுக்கு வந்திருந்த வெளியூர்ப் பேராசிரியர் கேட்டார்: "தப்ப ஏம்மா காட்டுறீங்க?"

"அது எதிர்ப்புரோட்டானுக்குச் சரிங்க சார். ஒரே சமச்சீர்தான், ரெண்டு பக்கத்துலயும் நிக்குது."

அவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். கேள்வி மேல் கேள்வி. ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான், நான் கண்டுபிடித்ததல்ல. இருந்தாலும் என் கணக்கிலிருந்து வந்தது. பின்வரிசையில் சத்தியபிரியா, தனக்கே கிடைத்த மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

24 நவம்பர், ஞாயிறு
அப்பா போன் செய்தார். "எப்பம்மா வர்ற?"

"தைப்பூசத்துக்கு வர்றேன்ப்பா. ரெண்டு நாள்."

"ரெண்டே நாளா?"

"ஆமாப்பா. இங்க சோலி கெடக்கு."