பழுப்புப் புட்டிக்குள் வெள்ளை மாத்திரை

நாகலூர்
12.8.1986

திரு. மாரியப்பன் அவர்களுக்கு,

நலம். உங்கள் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

ஒண்டிக்கடை முனையில் இருக்கும் உங்கள் மருந்துக் கடைக்குள் புகுந்து நான் மாத்திரைகளை வீசி எறிந்தேன் என்று பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையல்ல. நீங்கள் சேலம் போயிருந்தீர்கள். கடையில் இருந்த உங்கள் வேலையாள் லூர்துராஜுக்கு முன்னால், கண்ணாடி மேசையின் மேல் இரண்டு மாத்திரைகளை வைத்தேன். உங்கள் மேசை சாய்வாக இருக்கிறது. ஒன்று உருண்டு விழுந்தது. அவ்வளவுதான்.

மாதாமாதம் என் பழுப்புப் புட்டியை என் வீட்டில் வேலை செய்யும் மாதம்மாளிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் நிரப்பித் தருகிறீர்கள். இந்த முறை மஞ்சள் மாத்திரைக்குப் பதில் வெள்ளை இருந்தது. அவளைத் திரும்ப அனுப்பிக் கேட்டேன். வந்து சொன்னாள்: "முன்னே மஞ்சளுங்களா? நான் எங்கீங்க தொறந்து பாத்தேன்! அவரு அதே மாத்திரைதானுங்கறாரு. அம்மாவைக் கண்ணாடி மாத்தச் சொல்லுன்னு சிரிக்கிறாருங்க."

என் கணவர் இறந்த வருடம் நான் மனநல ஆஸ்பத்திரியில் இருந்ததும், அதற்காகவே இந்த மாத்திரை என்பதும் உங்களுக்குத் தெரியும். என் சோற்றில் யாரோ விஷம் கலக்கிறார்கள் என்று அப்போது உறுதியாக நம்பினேன். யாரும் கலக்கவில்லை. அதனால் இன்றும் ஏதாவது வித்தியாசமாகப் பட்டால், இது நிஜமா, நோய் திரும்புகிறதா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். உங்கள் சொல்லை நம்பி, என் கண்ணை நம்பாமல், அந்த வெள்ளையை விழுங்கி வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, மாதா கோவிலுக்கு எடுத்துப்போகும் பையின் அடியில் பழைய மாத்திரை ஒன்று அகப்பட்டது. மஞ்சள்தான். அதையும் வெள்ளையையும்தான் கொண்டுவந்தேன்.

மாத்திரை மாறியதா, இல்லையா?

இப்படிக்கு,
தேவகுமாரி


ஏற்காடு
16.8.1986

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு மாரியப்பன் வணக்கத்துடன் எழுதுவது.

மாறியதுதானுங்க அம்மா. உங்கள் கண் சரி.

பழைய கம்பெனிச் சரக்கு சேலத்திலிருந்து வரவில்லை. மருந்து ஒன்றேதான், கம்பெனியும் நிறமும்தான் வேறு. ஆனாலும் டாக்டரைக் கேட்காமல் போட்டது தப்பு. சொன்னால் நீங்கள் பயந்து மாத்திரையையே நிறுத்திவிடுவீர்களோ என்று நினைத்தேன். என் தம்பி கருப்பண்ணன் அப்படித்தான் நிறுத்திவிட்டு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனான். அது மனதில் இருந்தது.

கண்ணாடி மாற்றச் சொல்லிச் சிரித்திருக்கக் கூடாது. உருண்ட மாத்திரையையும் லூர்துராஜ் தேடி எடுத்து வைத்திருக்கிறான். டாக்டரைப் பார்த்துவிடுங்கள். வேறு கடைக்கு மட்டும் போய்விடாதீர்கள்.

தங்கள்,
மாரியப்பன்


நாகலூர்
2.9.1986

அன்புள்ள மாரியப்பன்,

உங்கள் கடிதம் கிடைத்தது. கையெழுத்து மோசம், விஷயம் தெளிவு.

டாக்டர் ரத்தம் சோதித்துப் பார்த்து, வெள்ளையே தொடரலாம் என்றார். நன்றாகத் தூங்குகிறேன். மழை போதுமான அளவு பெய்கிறது. காப்பியும் காய் பிடித்திருக்கிறது.

உங்கள் கடிதத்தை மாதம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். "அப்பவே நெனச்சனுங்க, அம்மா கண்ணு கழுகுக் கண்ணுன்னு!" என்றாள். அப்போது அவள் அப்படி நினைக்கவே இல்லை. இப்போது நாகலூர் பஸ்ஸில் எல்லோரிடமும் அதையே சொல்லி வருகிறாளாம். அந்தப் பேச்சை நான் திருத்தப் போவதில்லை.

உங்கள் தம்பிக்காக ஜெபிக்கிறேன். ஆனால் பயப்படுவது என் பாடு, அதை என்னிடமே விட்டுவிடுங்கள். மாறினால் மாறியது என்று சொல்லுங்கள். டாக்டரைக் கேட்டு விழுங்கிக்கொள்வேன். எனக்கு நோய் மறுபடி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் தனியாக உட்கார்ந்திருந்தேன். அதுதான் கசந்தது, மாத்திரை அல்ல.

வேறு கடை தேடப் போவதில்லை. ஆனால் இனி மாத்திரை மாறினால், முதலில் உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு வர வேண்டும். பிறகுதான் புட்டி.

மாதம்மாள் புட்டியோடு வருகிறாள். கூடையில் இருக்கும் பேரிக்காய் உங்கள் வீட்டுக்கு. கூடை திரும்பி வர வேண்டும்.

நான் சொன்னதற்குச் சம்மதமா? அவளிடம் வாயால் சொல்லியனுப்ப வேண்டாம். பதிலை எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
தேவகுமாரி