காற்றுப் புகாத துணி

நவம்பர் 18, செவ்வாய்

காட்டில் மரத்துக்கு மரம் ஹேமக் தூளி கட்டித் தூங்குகிறவர்களுக்கு நாங்கள் தைத்து விற்கும் இறகு அடைத்த ரஜாய்ப் போர்வைக்குத் துணி எடுக்க, இன்று நானும் இவரும் கரோல் பாக் கடைத்தெருவுக்குப் போனோம். துணி எடையில்லாமல் இருக்க வேண்டும், ஆனால் இறகு வெளியே வந்துவிடக் கூடாது. அதற்கு என் வீட்டுக்காரருக்கு என்றும் ஒரே சோதனைதான். துணியை வாயோடு அழுத்தி ஊதுவார். மறுபக்கம் காற்று வந்தால் தள்ளிவிடுவார்.

இன்று எதையுமே தள்ளவில்லை.

"ஒண்ணுலகூட காத்து போகல பாரு. இந்த மாசம் சரக்கு நல்லா வந்திருக்கு," என்றார். இருப்பதிலேயே மெலிசான துணியை எடுத்துக்கொண்டார்.

அவர் பில் போடப் போனதும் அதே துணியை நான் ஊதிப் பார்த்தேன். துணிக்குப் பின்னால் வைத்திருந்த உள்ளங்கையில் காற்று நன்றாகவே பட்டது.

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். அதையே வாங்கிவந்துவிட்டேன். மெட்ரோ படியில் மூச்சு வாங்கி, பாதியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஊரெல்லாம் நிக்கிற இந்தப் புகை குறைஞ்சா சரியாயிடும்," என்றார். ஆமாம் என்றேன்.

இப்போது பக்கத்தில் தூங்குகிறார். அவர் மூக்கருகே உள்ளங்கையை வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. இரண்டு முறை கொண்டுபோய்த் திரும்ப எடுத்துக்கொண்டேன்.