வெறும் மண்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கே ஒரு பெரிய கடையை நீட்டிக் கட்டப்போகிறார்கள். அதற்கான வடிகால் கட்டணத்தை மதிப்பிடுவது என் வேலை. மண்ணை மூடிக் கட்டினால் மழைநீர் ஓடிவரும், அதற்கு வடிகால் வெட்டத்தான் இந்தக் கட்டணம்; பழைய சிமெண்ட் தரையின்மேல் கட்டினால் கிடையாது. வரைபடத்தில் சிமெண்ட், நேரில் போனால் வெறும் மண். கீழே சரிவில், அந்தக் கடையைக் கூட்டிப் பெருக்குகிறவர்களின் வீடுகள்.

“மழை பெஞ்சா தண்ணி அவங்க வீட்டுக்குள்ளதான் சார் போகும்,” என்றேன்.

“உன்னை மண்ணையா பார்க்கச் சொன்னேன்? பேப்பரைப் பாருப்பா,” என்றார் என் அதிகாரி. அவர் வீடு மேட்டில் இருக்கிறது.

முழுக் கட்டணம் போட்டுக் கையெழுத்திட்டுவிட்டேன். என் ஒப்பந்தத்தை நீட்டிக்க வேண்டியவரும் அவர்தான். இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை.

என் கட்டில்மேல் அடுக்கியிருக்கும் மூட்டைகளை இறக்கி வையுங்கள். அம்மா ஏன் என்று கேட்டால், சும்மாதான் என்று சொல்லுங்கள்.

அவசரத்தில்,
உங்கள் மகன்