சித்தி பெற்ற வரம்

கழக்கூட்டம்
3 ஜூன் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். ஃபோனில் உங்களுக்குக் காது கேட்பதில்லை. கத்திக் கத்தி என் தொண்டைதான் போகிறது. அதனால் கடிதம். சின்ன வயதில் பராக்குப் பார்க்கிறேன் என்று அடித்தீர்களே, அது கவனக் குறைபாடாம். டாக்டர் மாத்திரை தந்தார். இப்போது ஆபீஸில் என்னை மிஞ்ச ஆளில்லை. குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா, குரல் கேட்குமா என்றும் கேட்டார். நம் வீட்டில் ஏது? இல்லை என்றேன்.

இந்த வாரம் மேல்வீட்டில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நல்ல குரல்.

உங்கள் மகள்,
ஜெயஷீலா

பாறசாலை
10 ஜூன் 2024

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு,

படித்து அழுதுவிட்டேன். உன்னைக் கூப்பிடுவது ஆண்டவர். என் தங்கை ரத்னாபாயையும் இப்படித்தான் கூப்பிட்டார். உன் சித்தி குரல் கேட்டுச் சொல்வதைக் கேட்க ஜெபக்கூட்டத்தில் இடம் கிடைக்காது. வரம் பெற்றவள்! உனக்கும் வந்துவிட்டது என்று சபையில் சாட்சி சொன்னேன். மாத்திரையை விடாதே. மெலிந்துவிடாதே, மரச்சீனிக் கிழங்கு வற்றல் வைத்திருக்கிறேன்.

அம்மா பிரேமா

கழக்கூட்டம்
1 ஜூலை 2024

அம்மாவுக்கு,

நீங்கள் சொன்னபின் குரல் தெளிவாகக் கேட்கட்டும் என்று மாத்திரையைக் கூட்டினேன். காவலாளி ஸ்ரீகுமார் மேல்வீட்டைக் காட்டினார். "ஆருமில்ல சேச்சி, பூட்டியிட்டு ஒரு வருஷமாச்சு." பூட்டில் ஒட்டடை. நாங்கள் இறங்கும்போது உள்ளே சிரித்தார்கள்.

உங்கள் கடிதத்தில் இருப்பது அம்மாவின் கையெழுத்து இல்லை என்கிறது குரல். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீங்கள் யார்?

ஜெயஷீலா

உன் வீட்டு வாசல்
5 ஜூலை 2024

என் மக்களே ஜெயஷீலா,

நீ உள்ளிருந்து பேசுவது எனக்குக் கேட்கவில்லை. அதனால் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். அது வரமில்லை, நோய். சித்திக்கும் நோய்தான். கடைசியில் என்னைப் பார்த்து, "நீ எனக்க அக்கா இல்ல, அவளுக்க சேலைய உடுத்திட்டு வந்திருக்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். உயிரோடு திறக்கவில்லை. இந்த நோய் உள்ள குடும்பத்துக்கு ஆகாதென்றுதான் டாக்டர் கேட்டிருக்கிறார், இனி அந்த மாத்திரையைத் தொடாதே. டாக்டரைக் கூட்டிவர ஸ்ரீகுமார் போயிருக்கிறார். பயமாக இருக்கிறது, திற.

அம்மா

கழக்கூட்டம்
5 ஜூலை 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். இதைப் பாறசாலை விலாசத்துக்கு எழுதுகிறேன், உங்கள் கையில்தான் கிடைக்க வேண்டும். உங்கள் நீலச் சேலையை உடுத்திக்கொண்டு ஒருத்தி வந்திருக்கிறாள். சித்தியைப் பற்றியெல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாள். மரச்சீனி வற்றல்கூடக் கொண்டுவந்திருக்கிறாள். நான் திறக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து அழுகிறாள், அச்சு அசல் உங்களைப் போலவே.

நீங்கள் இந்தப் பக்கம் வராதீர்கள் அம்மா. வீட்டிலேயே பத்திரமாக இருங்கள்.

உங்கள் மகள்,
ஜெயஷீலா