வலது கால் முன்னால்

பின் யுவோங், சைகோன்.

அப்பச்சிக்கு வணக்கம். நான் நலம். ஆத்தாவுக்கு முட்டுவலி தேவலையா?

பனிச்சறுக்குப் பலகையில் கெட்டிப் பூட்ஸைப் பூட்டும் பிடிகளைக் கோணம் பார்த்து முறுக்குவதுதான் இந்தத் தொழிற்சாலையில் என் வேலை. நேற்று ஆர்டர் தாளைப் பார்க்காமல், நாற்பது பலகைக்கும் வலது கால் முன்னால் வரும்படி முறுக்கிவிட்டேன். "இடது கால் முன்னாடின்னு எழுதியிருக்கே, கண்ணு தெரியலையா?" என்று நம்மூர்க்கார சூப்பர்வைசர் எல்லோர் எதிரிலும் கத்தினார். எல்லாம் உங்களால். புறப்பட்ட அன்று இடது காலை வைத்துவிட்டேன் என்று பெட்டியோடு திரும்ப உள்ளே இழுத்தீர்களே, அந்தப் பழக்கம்தான். இப்போது திருப்திதானே?

நாற்பதையும் கழற்றி மாட்டினேன். பலகை விளிம்பு பட்டு விரலில் சின்ன வெட்டு, பயப்பட ஒன்றுமில்லை. ஆத்தாவிடம் பருப்புப்பொடி அனுப்பச் சொல்லுங்கள்.

பஸ் வந்துவிட்டது. தீபாவளிக்கு வருவேன். வாசலில் என் காலைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். முகத்தைப் பாருங்கள்.

முத்தையா